முதல் வருட டீச்சருக்கு இனவெறித் தொல்லை: பொறுப்பதா, புகார் கொடுப்பதா, பள்ளியை மாற்றுவதா?

அக்டோபர் அரைப்பருவ விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எனக்கு ஒரு போன் வந்தது. பேசியது என் சித்தி மகளோடு திருச்சியில் எம்.எஸ்சி. படித்த பெண். இங்கிலாந்துக்கு வந்து பிஜிசிஇ என்கிற ஆசிரியர் பயிற்சி முடித்து, வடகிழக்குக் கடலோரத்தில் ஒரு ஊரில் இயற்பியல் டீச்சராகச் சேர்ந்து எட்டு வாரம்தான் ஆகியிருந்தது. "நாளைக்கு ஸ்கூல் திறக்குது அக்கா, மத்தியானத்துலேர்ந்து வயித்தைப் புரட்டிக்கிட்டே இருக்கு" என்றாள். நான் லண்டனில் பதினாலு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், ஞாயிறு ராத்திரி வயிறு புரளாத டீச்சரை இந்த நாட்டில் நான் பார்த்ததில்லை, அதனால் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் அவளைப் பேசவிட்ட பிறகுதான் சங்கதி வேறு என்று புரிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் நாலைந்து பையன்கள் அவள் பேசுவது மாதிரியே தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்காட்டுகிறார்கள், அவள் பக்கத்தில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். ஒருவன் "திரும்பிப் போற படகு எப்போ மிஸ்?" என்று கேட்க வகுப்பே சிரித்திருக்கிறது. ஒரு அம்மா, இவர் பேசுகிற இங்கிலீஷ் என் மகனுக்குப் புரியவில்லை, வேறு ஆள் போடுங்கள் என்று பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். இதெல்லாம் போகட்டும் என்று பார்த்தால், துறைத் தலைவர், புது டீச்சரான அவளுக்கு வழிகாட்ட வேண்டிய மென்டரும் அவர்தான், பெயர் வாயில் நுழையவில்லை என்று முதல் எழுத்தை மட்டும் சொல்லிக் கூப்பிடுகிறார். துறையின் வாட்ஸ்அப் குழுவில் எட்டு வாரமாக அவளைச் சேர்க்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் சாம்பார் சாதத்தைச் சூடு பண்ணிய அன்றைக்கு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்துவிட்டிருக்கிறார். அப்புறம் அவள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'உச்சரிப்பு மாணவர்களின் கற்றலுக்குத் தடையாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு முன்னாலேயே மூன்று பேர் அவளுக்கு யோசனை சொல்லிவிட்டிருந்தார்கள். ஊரில் அம்மா, "பொறுத்தார் பூமி ஆள்வார்டி, ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ" என்றிருக்கிறார். கூடப் படித்த தோழி, உடனே முறையான புகார், இங்கே கிரீவன்ஸ் என்பார்கள், அதைப் போடு என்றிருக்கிறாள். லெஸ்டரில் இருக்கிற மாமா, வேலையை உதறிவிட்டு இங்கே வா என்றிருக்கிறார். மூன்று பேருக்கும் அவள் மேல் அக்கறைதான். ஆனால் மூன்றில் எதை அப்படியே எடுத்துக்கொண்டாலும் அடி அவளுக்குத்தான் விழும். அவளுக்கு நான் சொன்னதையும், சொல்லும்போது எனக்கே இருந்த தயக்கங்களையும் இங்கே எழுதுகிறேன். முதல் வருடத்தில் இருக்கிற நம் பிள்ளைகள் இந்த நாட்டுப் பள்ளிகளில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் துணை நிற்க நினைக்கிற அக்கா அண்ணன் மாமாக்களுக்கும் இது உதவலாம்.

முதலில் பொறுத்துப் போவது. இதைச் செலவே இல்லாத வழி என்று எல்லாரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன்.

இங்கிலாந்தில் புது டீச்சருக்கு இரண்டு வருட இண்டக்‌ஷன் காலம் உண்டு, 2021 செப்டம்பரிலிருந்து இப்படி, அதற்கு முன்னால் ஒரே வருடம்தான். இந்தக் காலத்தில் இருக்கிற ஆசிரியருக்கு ஈசிடி என்று பெயர். முதல் வருடம் பாடவேளையில் பத்து சதவீதம் குறைவு, இரண்டாம் வருடம் ஐந்து சதவீதம், ஒரு மென்டர், அவரைத் தவிர மதிப்பீட்டைப் பார்த்துக்கொள்ள இண்டக்‌ஷன் டியூட்டர் என்று ஒருவர். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் முன்னேற்றத்தைப் பார்த்து எழுதுவார்கள், வருடக் கடைசியில் முறையான மதிப்பீடு. இதில் தோற்றால் அரசு நிதியில் உள்ளாட்சியின் கீழ் நடக்கிற பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்க்க முடியாது, இரண்டாவது வாய்ப்பும் கிடையாது, இருபது வேலை நாளுக்குள் மேல்முறையீடு மட்டும் செய்யலாம். நம் பிள்ளைகள் வாயைத் திறக்காததற்குக் காரணம் இந்தப் பயம்தான். புகார் சொன்னால் ரிப்போர்ட்டில் கைவைத்துவிடுவார்களோ என்கிற பயம்.

பயம் நியாயமானதுதான். ஆனால் அதே காரணத்துக்காகவே பேசாமல் இருப்பது ஆபத்து என்பது என் எண்ணம். உச்சரிப்பு பற்றிய அந்தக் குறிப்பு இப்போதே காகிதத்தில் ஏறிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் முதல் பருவக் குறிப்பு வரும், 'வகுப்பைக் கட்டுப்படுத்துவதில் பின்தங்கியிருக்கிறார்' என்று அதில் ஒரு வரி ஏறும், அந்தப் பையன்கள் ஏன் அடங்கவில்லை என்பதற்கு ஒரு வரியும் இருக்காது. அதற்குப் பிறகு அவள் புகார் கொடுத்தால், ரிப்போர்ட் சரியில்லை என்றதும் இனவெறி என்று சொல்கிறாள் என்பார்கள். முந்திச் சொன்னால் அது புகார், பிந்திச் சொன்னால் அது சாக்கு.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2011-12இல் என் முதல் வருடம். ஊரையும் பள்ளியையும் சொல்ல வேண்டாம். என் துறைத் தலைவர் வருடம் முழுக்க என்னை இன்னொரு இந்திய டீச்சரின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அந்த டீச்சருக்கும் எனக்கும் இருபது வயது வித்தியாசம், அவர் பஞ்சாபி. படிப்பில் பின்தங்கியவர்களைப் பிரித்து வைக்கிற கீழ்ச்செட் வகுப்புகள் எல்லாம் என் தலையில். நான் ஜூலை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது தலைமையாசிரியர் ரொம்ப மென்மையாக ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏன் ஒன்பது மாதமாகச் சொல்லவில்லை?" என்னிடம் ஒரு தேதிகூட எழுதி வைத்ததாக இல்லை. அறையை விட்டு வெளியே வரும்போது தப்பு செய்தவள் நான்தானோ என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

சட்டக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ், வேலை வழக்குகளை விசாரிக்கிற டிரிப்யூனலுக்குப் போக நினைத்தால், சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் அவகாசம், அதற்குள் வேலைத் தகராறுகளைப் பேசித் தீர்க்கிற ஏகாஸ் அமைப்பின் சமரச நடைமுறையைத் தொடங்கியாக வேண்டும். பள்ளிக்குள் புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்காது, நிறையப் பேர் ஏமாறுகிற இடம் இதுதான். இதை ஆறு மாதமாக்க 2025 கடைசியில் சட்டம் நிறைவேறியிருக்கிறது, ஆனால் நிறைவேறுவது ஒன்று, அமலுக்கு வருவது இன்னொன்று. மூன்று மாதம் என்றே எண்ணிக்கொள்வது நல்லது. இரண்டு வருடம் பல்லைக் கடிப்பவளுக்கு இந்தக் கதவு எட்டு தடவை மூடிவிடும்.

சரி, இனி பேசுவது. இதில் எல்லாரும் செய்கிற தப்பு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே ஆளிடம் போய் அழுவது. பையன்கள் செய்தது, பெற்றோர் எழுதியது, துறைத் தலைவர் செய்தது மூன்றுக்கும் பாதை வேறு.

பையன்களை எடுத்துக்கொள்வோம். பதிமூன்று வயது. இந்த வயதில் வீட்டில் கேட்டதைத்தான் பள்ளியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். 2024 கோடையில் சவுத்போர்ட்டில் நடந்த கொலைகளுக்குப் பிறகு சண்டர்லாந்து, ஹார்ட்லிபூல், மிடில்ஸ்பரோ தெருக்களில் குடியேறிகளுக்கு எதிராக நடந்த கலவரத்தை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் டிவியில் மட்டும் பார்க்கவில்லை, சிலர் வாசலிலேயே பார்த்தார்கள். இதைச் சொல்வது அந்தப் பையன்களுக்குச் சலுகை கேட்பதற்காக இல்லை, அவளுடைய உச்சரிப்பினால் அவர்கள் அப்படி ஆகவில்லை என்பதற்காக. அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், பிபிசி பார்த்து உச்சரிப்பைப் பழகிக்கொண்டிருந்தாள் பாவம்.

பையன்கள் விஷயத்துக்கு கிரீவன்ஸ் தேவையில்லை, பள்ளியின் ஒழுங்கு நடவடிக்கையே போதும், ஆனால் அதைச் சரியான வார்த்தையோடு தொட வேண்டும். அவள் ஒவ்வொரு தடவையும் கணினியில் 'வகுப்பில் இடையூறு' என்று பதிந்திருந்தாள். பேனா தட்டுகிறவனுக்கும் அதே வார்த்தைதான். 'இனவெறிச் சம்பவம்' என்று பதிந்து, அவன் சொன்னதை அவன் சொன்ன சொற்களிலேயே எழுதினால் மேலே இருக்கிறவர்கள் கண்டும் காணாமல் இருப்பது கஷ்டம். இடைநீக்கத்துக்கான காரணங்களில் இனவெறி வசைக்கென்று அரசுப் பட்டியலில் தனி இடமே இருக்கிறது. இது இனவெறிதானா என்று யார் முடிவு செய்வது என்றால், ஸ்டீஃபன் லாரன்ஸ் என்கிற கறுப்பின இளைஞரின் கொலை வழக்கை ஆராய்ந்த 1999 மெக்பர்சன் அறிக்கை அதைத் தெளிவாகச் சொன்னது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ ஒரு சம்பவத்தை இனவெறி என்று உணர்ந்தால், அது இனவெறிச் சம்பவமாகவே பதியப்பட வேண்டும். விசாரித்து என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்பது அப்புறம்.

இன்னொன்று. ஈசிடிகளுக்கான அரசு விதிகளிலேயே, அந்தப் பள்ளியின் நிலைமைக்கு அளவுமீறிய ஒழுங்குப் பிரச்சினைகளை நாள்தோறும் புது ஆசிரியரின் தலையில் கட்டக்கூடாது என்று இருக்கிறது. இதைப் பெரும்பாலான ஈசிடிகள் படித்திருக்க மாட்டார்கள், பல துறைத் தலைவர்களும்தான். யாரும் விரும்பாத வகுப்பைப் புதிதாக வந்தவளுக்குக் கொடுப்பது இந்த ஊர் வழக்கம் என்று ஆகிவிட்டது.

அந்தப் பையனையும் அவளையும் உட்கார வைத்துப் பேசிச் சமாதானம் செய்கிறோம் என்று பள்ளி சொல்லும். சில சமயம் நல்லதுதான், என் வகுப்பில் ஒருவன் அப்படி உட்கார்ந்து அழுதே விட்டான். ஆனால் தண்டனைக்குப் பதிலாக அதை வைத்தால், அதுவும் தனியாக அவளை மட்டும் உட்கார வைத்தால், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. மாணவன் பேசிய பேச்சுக்காகப் பள்ளியை நேராக டிரிப்யூனலில் நிறுத்துவது சட்டப்படி கஷ்டமான காரியம், தெரிந்த பிறகு பள்ளி என்ன செய்தது, என்ன செய்யாமல் விட்டது என்பதில்தான் பிடி கிடைக்கும். அதனால்தான் பதிவு இவ்வளவு முக்கியம்.

அந்த அம்மாவின் மின்னஞ்சலுக்கு அவள் பதில் எழுதவே கூடாது. தலைமையாசிரியருக்கு அனுப்பிவிட்டு, பதிலின் நகலை மட்டும் கேட்கலாம். இதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை.

துறைத் தலைவர்தான் உண்மையான முடிச்சு. பையன்கள் வாரத்துக்கு நாலு பாடவேளை, இவர் தினம். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அவர் செய்த ஒவ்வொன்றையும் ஊதித் தள்ளிவிடலாம். பெயர் வரவில்லை, வாட்ஸ்அப்பில் சேர்க்க மறந்துவிட்டது, வாசனை அடித்தது ஜன்னலைத் திறந்தேன். "நான் ரொம்ப சென்சிடிவா இருக்கேனோ அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். சமத்துவச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இந்தக் கேள்வியை ஓரளவு தீர்த்து வைக்கிறது: ஒருவருடைய இனத்தோடு, அதாவது நிறம், தேசம், பிறந்த இனவழி எதனோடாவது, தொடர்புள்ள வேண்டாத நடத்தை அவருடைய கண்ணியத்தைக் குலைக்கிறதா, அவமானகரமான சூழலை உண்டாக்குகிறதா என்று பார்க்கும்போது, நோக்கம் இருந்தாலும் போதும், விளைவு இருந்தாலும் போதும். வேடிக்கைக்குச் சொன்னேன் என்பது தப்பிக்க வழியில்லை. அதே நேரம், அப்படி உணர்வது நியாயமானதா என்பதையும் பார்ப்பார்கள். பெயரை ஒரு தடவை தப்பாகச் சொன்னதற்கும், எட்டு வாரம் சொல்லவே முயலாததற்கும் வித்தியாசம் அங்கேதான் வரும்.

இவரிடம் அவளே நேராகப் பேசிப் பார்க்கலாமா? பல கையேடுகள் முதல் படி என்று இதைத்தான் சொல்கின்றன. எனக்கு உடன்பாடில்லை. அவர் மென்டர், அவள் ரிப்போர்ட்டுக்கு அவர் சொல்வதுதான் சரக்கு, அவளோ விசாவில் இருப்பவள், இப்படி ஏறுக்குமாறாக இருக்கிற இரண்டு பேரைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசச் சொல்வது நியாயமே இல்லை. பெயர் விஷயத்தை மட்டும் பேசலாம், "என் பெயரை இப்படிச் சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே, இரண்டு பேர் பக்கத்தில் இருக்கும்போது. மற்றதற்கு இண்டக்‌ஷன் டியூட்டரிடம் போவது மேல், அவளுடைய பள்ளியில் அவர் வேறு ஆள், ஒரு உதவித் தலைமையாசிரியர். போய்ப் பேசிவிட்டு, அன்று மாலையே "இன்று நாம் பேசியது இது, நீங்கள் செய்வதாகச் சொன்னது இது" என்று நாலு வரி மின்னஞ்சல். கேட்பது ஒன்றே ஒன்று: மென்டரை மாற்றுங்கள். குற்றச்சாட்டைவிட கோரிக்கைக்குப் பள்ளிகள் சீக்கிரம் அசையும்.

அங்கேயும் அசையவில்லை என்றால் கிரீவன்ஸுக்கு முன்னால் இன்னொரு கதவு இருக்கிறது. இண்டக்‌ஷனைக் கண்காணிக்க ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிலிருந்து ஒரு அமைப்பு உண்டு, முன்பு உள்ளாட்சிகளும் செய்தன, இப்போது பெரும்பாலும் டீச்சிங் ஸ்கூல் ஹப்கள் என்கிற ஆசிரியர் பயிற்சி மையங்கள். அங்கே ஈசிடிகள் கவலைகளைச் சொல்வதற்கென்றே ஒருவரைக் குறித்திருப்பார்கள், சேர்ந்த முதல் வாரத்தில் வந்த மின்னஞ்சலில் பெயர் இருக்கும். அவர்கள் இனவெறியை விசாரிக்க மாட்டார்கள். ஆனால் மதிப்பீடு நேர்மையாக நடக்கிறதா என்று பள்ளியைக் கேட்பார்கள், அந்தக் கேள்வி வந்தாலே ரிப்போர்ட் எழுதுகிற கை கொஞ்சம் கவனமாக எழுதும்.

கிரீவன்ஸ். தோழி சொன்னது தப்பில்லை, நேரம்தான் தப்பு. கிரீவன்ஸ் போட்டால் பள்ளி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், விசாரணைக் கூட்டத்துக்கு யூனியன் ஆளையோ சக ஊழியரையோ கூட்டிப்போக 1999 சட்டம் உரிமை தருகிறது, புகார் தலைமையாசிரியர் மேலேயே என்றால் அது பள்ளி நிர்வாகத்தை மேற்பார்க்கிற ஆளுநர் குழுவின் தலைவருக்குப் போகும். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினால் அதுவே சமத்துவச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் தனிக் குற்றச்சாட்டு, அவளுக்காகச் சாட்சி சொன்னவருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. தன்னைப் பற்றி பள்ளிக்குள் ஓடிய மின்னஞ்சல்களைத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டு வாங்கலாம், சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இதெல்லாம் பலம்.

பலவீனம் என்னவென்றால், நான் என் பள்ளியில் யூனியன் பிரதிநிதியாக இருந்த ஆறு வருடத்தில் பார்த்த வரைக்கும், கையில் தேதியும் சாட்சியும் இல்லாமல் கோபத்தில் போட்ட கிரீவன்ஸ்கள் 'போதிய ஆதாரம் இல்லை' என்றுதான் திரும்பி வந்தன. அப்படித் திரும்பி வந்த பிறகு அதே துறையில், அதே கெட்டிலில் தண்ணி கொதிக்க வைத்துக்கொண்டு மீதி வருடத்தை ஓட்ட வேண்டும். வெற்றி பெற்றாலும் அந்தச் சூழல் லேசில் மாறாது. அதனால் கிரீவன்ஸ் என்பது நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதிய ஆறு வாரக் குறிப்பேடு கையில் இருக்கும்போது, மென்மையாகக் கேட்டது மறுக்கப்பட்ட பிறகு எடுக்க வேண்டியது. விதிவிலக்கு ஒன்று உண்டு: நேரடியான இன வசை, தொடுதல், மிரட்டல் என்று ஏதாவது நடந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் யூனியன். என்இயு இருக்கிறது, நாஸுவ்ட் இருக்கிறது, எது என்று நான் சொல்ல மாட்டேன், பள்ளியில் எதன் பிரதிநிதி சூட்டிகையான ஆள் என்று பார்த்துச் சேர வேண்டும். பயிற்சிக் காலத்தில் இலவசம் என்பதால் சேர்ந்திருப்பார்கள், வேலையில் சேர்ந்ததும் புதுப்பிக்க மறந்திருப்பார்கள். இவளும் மறந்திருந்தாள். உறுப்பினராவதற்கு முன்னால் தொடங்கிய பிரச்சினைக்குப் பொதுவாக யூனியன்கள் வக்கீல் உதவி தர மாட்டா. வீடு தீப்பிடித்த பிறகு காப்பீடு எடுக்கிற கதைதான். அந்தப் போனை வைப்பதற்கு முன்னாலேயே அவளைப் புதுப்பிக்க வைத்தேன், அன்று உருப்படியாக நான் செய்தது அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. அப்புறம் எஜுகேஷன் சப்போர்ட் என்று ஆசிரியர்களுக்கென்றே ஒரு அறக்கட்டளை இருபத்துநாலு மணி நேரமும் போனில் பேசுகிறது, இலவசம். விடியற்காலை மூணு மணிக்கு அக்காவை எழுப்பத் தயங்குகிறவர்களுக்கு.

டிரிப்யூனலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பாகுபாட்டு வழக்குக்கு இத்தனை வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்கிற நிபந்தனை இல்லை, முதல் நாளிலேயே உரிமை உண்டு. 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததிலிருந்து கட்டணமும் இல்லை. ஆனால் இழுக்கும், ஆளை அரிக்கும். அதை உயிரோடு வைத்திருக்க வேண்டியதெல்லாம் நாட்காட்டியில் அந்த மூன்று மாதக் கணக்கைக் குறித்து வைப்பதுதான். அந்தத் தேதி தெரிந்திருப்பதே பேச்சுவார்த்தையில் ஒரு தெம்பு.

கடைசியாக மாமா சொன்ன வழி. விட்டுவிட்டு வா. இதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. முடித்த பருவங்கள் கணக்கில் அப்படியே இருக்கும், இண்டக்‌ஷனை வேறு பள்ளியில் தொடரலாம், இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. தோற்றால்தான் பெரிய நஷ்டம், பாதியில் மாறினால் ஒன்றுமில்லை. அந்த வகையில் பள்ளி மாறுவது பொறுத்துப் போவதைவிடப் பத்திரமானது.

ஆனால் ஆசிரியர் வேலையை நினைத்த நாளில் விட முடியாது. வழக்கமான ஒப்பந்தத்தில் டிசம்பர் 31இல் வெளியேற அக்டோபர் 31க்குள், ஏப்ரல் 30இல் வெளியேற பிப்ரவரி 28க்குள், ஆகஸ்ட் 31இல் வெளியேற மே 31க்குள் ராஜினாமா கொடுக்க வேண்டும். அவள் எனக்குப் போன் பண்ணியது நவம்பர் முதல் ஞாயிறு. இரண்டு நாள் முன்னால் பேசியிருந்தால் கிறிஸ்துமஸோடு வெளியே வந்திருக்கலாம். விடுமுறை முழுக்க யாரிடமும் சொல்லாமல் படுத்துக் கிடந்திருக்கிறாள். சில அகாடமிகளில், அதாவது உள்ளாட்சிக்கு வெளியே அரசு நிதியில் நடக்கிற பள்ளிகளில், தேதிகள் மாறும், ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

விசா என்கிற சுருக்கு வேறு. திறன்பணியாளர் விசாவில் இருப்பவர் வேலையை விட்டால் பள்ளி உள்துறைக்குச் சொல்லும், பிறகு பொதுவாக அறுபது நாள்தான், அதற்குள் ஸ்பான்சர் செய்யக்கூடிய வேறு பள்ளி கிடைத்து புது விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அதனால் இந்த ஊர்ப் பெண் கோபத்தில் கடிதத்தை எறிந்துவிட்டு வரலாம், நம் பெண் புது இடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பழையதை விடலாம். தலைமையாசிரியரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் புது இடம் கிடைக்காது, அதையும் யோசித்துத்தான் யாரோடு எவ்வளவு மோதுவது என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இது அநியாயம். அதே மோதலில் இரண்டு பேருக்கு இரண்டு விலை.

மருத்துவ விடுப்பு ஒரு வழியா என்று கேட்டாள். உடம்பு கேட்டால் எடுத்தே ஆக வேண்டும், முதல் ஏழு நாளுக்கு டாக்டர் சீட்டுகூடத் தேவையில்லை. ஆனால் ஒரு வருடத்தில் விடுப்பு முப்பது நாளைத் தொட்டால் இண்டக்‌ஷன் நீண்டுவிடும். மூச்சு விட்டுக்கொள்ள இடம், அவ்வளவுதான்.

துணை நிற்கிறவர்கள் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வந்த ஆத்திரத்தில் அவளுடைய தலைமையாசிரியருக்கு நானே எழுதிவிடலாமா என்று பார்த்தேன். நல்லவேளை எழுதவில்லை. வெளியிலிருந்து ஒரு அக்கா எழுதினால் அவள் இன்னும் சின்னப் பிள்ளையாகிவிடுவாள். அவளுக்கு உண்மையில் உதவியவர் நான் இல்லை, அந்தப் பள்ளியின் லேப் டெக்னீஷியன், அறுபதை நெருங்கும் உள்ளூர் வெள்ளைக்கார அம்மா. சாம்பார் சம்பவத்தின்போது அங்கே இருந்தவர். இவள் கேட்காமலேயே, "அன்று அவர் சொன்னதை நான் கேட்டேன், அது சரியில்லை, தேவைப்பட்டால் சொல்வேன்" என்று தேதியோடு மூன்று வரி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். 'உனக்காக வருத்தப்படுகிறேன்' என்று காதில் முணுமுணுத்துவிட்டுப் போன ஐந்து பேரையும் சேர்த்து வைத்தாலும் அந்த மூன்று வரிக்கு ஈடாகாது.

அப்போ எது? யூனியனும் குறிப்பேடும் அன்றைக்கே. பையன்களைச் சரியான வார்த்தையில் பதிவது மறுநாளிலிருந்து. மென்டர் மாற்றத்தை எழுத்தில் கேட்பது அந்த வாரத்திலேயே. கிரீவன்ஸைத் தயாராக வைத்து, மறுத்தால் மட்டும் எடுப்பது. கூடவே, யாரிடமும் சொல்லாமல் வேறு பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்குவது. இதுதான் நான் சொன்ன வரிசை. அவளுக்கு இதில் கடைசியைத் தவிர எல்லாம் சம்மதம், "ஓடிப்போற மாதிரி இருக்கு அக்கா" என்றாள். முடிவெடுக்க வேண்டியது அவள்தான், நான் மேலே பேசவில்லை.

நவம்பர் மூன்றாவது வாரம் மென்டரை மாற்றினார்கள். புதியவர் வேதியியல், வேகமாகப் பேசுகிற ஸ்காட்லாந்துக்காரர், அவர் உச்சரிப்பு பையன்களுக்குச் சுத்தமாகப் புரியவில்லை, அதைப் பற்றி யாரும் மின்னஞ்சல் எழுதியதாகத் தெரியவில்லை. படகு கேட்டவனுக்கு இரண்டு நாள் இடைநீக்கம், திரும்பி வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்கிறானாம். டிசம்பர்க் குறிப்பில் 'சரியான பாதையில்' என்று வந்தது. துறைத் தலைவர் இப்போது அவளிடம் வேலைக்கு வேண்டியது தவிர எதுவும் பேசுவதில்லை, ஆனால் பெயரை முழுசாகச் சொல்கிறார், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அதில் நக்கல் இருக்கிறதா முயற்சி இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள், அன்றிலிருந்து அதில் யாரும் எதுவும் போடுவதில்லை, வேறு குழு தொடங்கியிருப்பார்கள் என்பது என் யூகம்.

பிப்ரவரி அரைப்பருவ விடுமுறையில் மறுபடி போன் பண்ணினாள். லெஸ்டரில் ஒரு பள்ளி, ஸ்பான்சர் உரிமம் உள்ளது, நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது, மாமா சொல்லி விண்ணப்பித்திருக்கிறாள், என்னிடம் சொல்லவே இல்லை. நேர்காணல் வியாழக்கிழமை. பிப்ரவரி 28 சனிக்கிழமை வருவதால் வெள்ளிக்கிழமை பள்ளி விடுவதற்குள் கடிதம் போயாக வேண்டும். இரண்டு கடிதம் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாள், ஒன்று ராஜினாமா, இன்னொன்று கிரீவன்ஸ்.